முன் கண்ணாடியில் ஒரு பெயர்

சரவணம்பட்டி,
16.6.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரியா எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, நித்யா மூவரும் சுகம். காங்கேயத்தில் உங்கள் சுகமும், நங்கையாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். எண்ணெய் மில்லுக்குப் புதுச் செக்கு வந்துவிட்டதா?

நித்யாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன், அண்ணா. நான்கு பள்ளிக்கூடங்களில் "ஆயா வெச்சுப் பாத்துக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கணபதியில் இருக்கிற ஒரு பள்ளியில்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அவளைப் பார்த்து, "வீல் சேர் உள்ள வருமா? வருமுன்னா புள்ளையும் வரலாம்" என்றார். வகுப்புக்குப் படி கிடையாது. வாசலில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனிச் சொல்ல வந்தது. பள்ளிக்கு ஒன்பது மணிக்குள் போக வேண்டும். அரசு பஸ் ஏழே முக்காலுக்கு வருகிறது. அதில் படியில் தொங்குகிறவர்கள் மேலேயே இன்னொருவர் தொங்குகிறார். அடுத்தது எட்டு ஐம்பது. நடுவில் எட்டுப் பத்துக்கு நம் வண்டிதான். இவள் பிறந்த மாதம் பர்மிட் வாங்கி, என்னைக் கேட்டுக்கொண்டு, முன் கண்ணாடியில் 'நித்யஸ்ரீ' என்று இவள் பெயரையே எழுதினீர்களே, அதே வண்டி. அது நம் ஸ்டாப்புக்கு வரும்போது பாதி காலியாக வரும்.

ஆனால் போன வாரம் ஐந்து நாளில் மூன்று நாள் எங்களை ஏற்றவில்லை. கண்டக்டர் அங்கப்பன் படியில் நின்றுகொண்டு, "எடம் பத்தாதுங்க அம்மணி, அடுத்த வண்டில வாங்க" என்கிறார். அவ்வளவு மரியாதை. உள்ளே காலி சீட்டு தெரிகிறது. நான் யார் என்று அவருக்குத் தெரியாது போல. உறவைச் சொல்லி ஏறக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், போதும்.

நித்யா மாமனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் தங்கை,
மோகனப்பிரியா

———

காங்கேயம்,
29.6.96

அன்புள்ள அம்மணிக்கு, அண்ணன் கதிர்வேல் எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு முருகன் துணை. உன் நங்கையாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கோயமுத்தூர் டாக்டர் நடக்கச் சொல்கிறார், உள்ளூர் டாக்டர் உட்காரச் சொல்கிறார், கட்டின புருஷன் என் பேச்சையே கேட்காதவள், அவள் இரண்டு பேரையும் கேட்பதில்லை.

பாப்பா பள்ளிக்கூடம் போகிற சேதி கேட்டு சந்தோஷம். அங்கப்பன் விஷயம் ஒன்றுமில்லை கண்ணு. பள்ளிக்கூடம் திறந்த புதுசு, கூட்டம். நான் சொல்லிப்போட்டேன். நம்ம வண்டியே பாப்பா பேரில் ஓடுகிறது, அவளுக்கு இல்லாத இடமா? இரண்டாவது வண்டி பாடி கட்டி முடிகிற நிலையில் இருக்கிறது. அதற்கும் பாப்பா பேர்தான் என்று நினைத்திருக்கிறேன். அவள் ராசி அப்படி.

ஆனாலும் ஒன்று யோசி. சின்னப் புள்ளையைத் தினமும் பஸ்ஸில் தூக்கி இறக்க வேண்டுமா? மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு ஆட்டோ மாசக் கணக்குக்குப் பேசிவிடு. இல்லை என்றால் ஒரு வருஷம் வீட்டிலேயே சொல்லிக்கொடு. நீதான் பி.எஸ்சி. படித்திருக்கிறாயே.

பாப்பா காலுக்குத் தேய்க்க நம் மில் எண்ணெய் ஒரு டின் சீக்கிரம் கொடுத்துவிடுகிறேன்.

கதிர்வேல்

———

சரவணம்பட்டி,
21.7.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. அங்கும் சுகமாக இருக்கட்டும்.

நீங்கள் அங்கப்பனிடம் சொன்னதாக எழுதினீர்கள். எதைச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் ஏற்றினால் பெரிது. ஏற்றுகிற நாளிலும் நாற்காலிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கிறார். "பாப்பாவுக்கு டிக்கெட் வேண்டாமுங்க, மடியில வெச்சுக்கோங்க. சேருக்கு மட்டும் குடுங்க" என்கிறார். என் மகளுக்கு அந்த வண்டியில் கணக்கே கிடையாது, அவளுடைய நாற்காலிக்கு உண்டு.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுத வேண்டும். முதலில் நித்யாவைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தேன். வழக்கம்போலக் கீழே இறங்கி நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்துத் தாழ் எப்போதும் இறுகிக்கொள்ளும். விசில் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் வண்டி நகர்ந்துவிட்டது. நான் கையில் நாற்காலியோடு ரோட்டில் நிற்கிறேன், என் பெண் வண்டிக்குள் இருக்கிறாள்.

அண்ணா, நான் ஓடினேன். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. பாதி மடங்கிய நாற்காலி முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் டிரைவர் ஜபருல்லா கண்ணாடியில் என்னைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அங்கப்பன் இறங்கி வந்து, "கவனிக்கலீங்க அம்மணி, மன்னிச்சுக்கோங்க" என்றார். மன்னிப்புக் கேட்கும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நித்யா அழவில்லை. "நம்ம வண்டிதானேம்மா, எங்க கொண்டுபோகும்" என்றாள். இப்போது தினமும் ராத்திரி அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து பார்க்கிறேன். பஸ்ஸில் விட்ட குழந்தையை வீட்டில் தேடுகிறேன்.

இன்னொன்று. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கூப்பிட்டுச் சொன்னார். நித்யா இதுவரை பாதி நாள்தான் வந்திருக்கிறாள். அரையாண்டுக்குள் வருகை சரியாகவில்லை என்றால் ரிஜிஸ்டரிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். "எனக்கு மனசில்லம்மா, ஆனா மேல பதில் சொல்லணும்" என்றார்.

மாதக் கணக்கு ஆட்டோ எங்களுக்குக் கட்டாது. நான் கேட்டது வண்டியில் ஒரு இடம்.

மோகனப்பிரியா

———

சரவணம்பட்டி,
12.8.1996

அண்ணனுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மில்லில் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது?

நீங்கள் சொன்ன எண்ணெய் டின் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எட்டுப் பத்து வண்டி நின்றது. முன் சீட்டில், சன்னலோரமாக, டின் உட்கார்ந்திருந்தது. உருளாமலிருக்க ஒரு சாக்கை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அங்கப்பன் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கி, என் காலடியில் மெதுவாக வைத்தார்.

"முதலாளி குடுத்துவிட்டாருங்க. பாப்பா காலுக்காமா."

ஆக, நான் யார் என்பது அவருக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும்.

"டின் இருந்த சீட்டு காலிதானுங்களே, பாப்பாவ ஏத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

"அடுத்த வண்டில வாங்க அம்மணி."

பாப்பா காலுக்கு எண்ணெய் பஸ்ஸில் வந்தது. பாப்பாவின் கால் ரோட்டிலேயே இருந்தது.

உங்கள் மில்லில் போன் இருப்பது தெரியும். முனையில் எஸ்.டி.டி. பூத்தும் இருக்கிறது. ஆனால் இனி நான் போனில் பேசப்போவதில்லை. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தேதி, மணி, அவர் சொன்ன வார்த்தை, உள்ளே எத்தனை சீட்டு காலி. லக்கேஜ் டிக்கெட்டுகளை ஒட்டிவைத்திருக்கிறேன்.

என்னோடு படித்த அன்புச்செல்வி இப்போது கோர்ட்டில் வக்கீலுக்கு ஜூனியராக இருக்கிறாள். அவளைப் போய்ப் பார்த்தேன். இந்தப் பிப்ரவரியில் ஊனமுற்றோருக்கு ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறதாம். பஸ்களில் சக்கர நாற்காலிக்காரர்கள் ஏற வழி செய்ய வேண்டும் என்று சொல்கிறதாம். ஆனால் 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாலும் வைத்திருக்கிறார்கள் என்றாள். "அத நம்பிப் போனா அஞ்சு வருஷம் நிப்பே. பர்மிட் விதியப் புடி. டிக்கெட் காசோட நிக்கற ஆளக் காரணமில்லாம ஏத்த மாட்டேன்னு சொன்னா கண்டக்டர் மேலயும் வண்டி மேலயும் நடவடிக்கை உண்டு" என்றாள்.

உங்கள் வண்டி என்பதால் முதலில் உங்களிடம் கேட்கிறேன். ஏன் ஏற்றுவதில்லை என்று எழுதி அனுப்புங்கள்.

மோகனப்பிரியா

———

காங்கேயம்,
25.8.96

அம்மணிக்கு,

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்டால் அதையும் நோட்டில் எழுதுவாய்.

கூடப் பிறந்தவனுக்கே சட்டம் சொல்கிறாயே, நன்றாக இருக்கிறது. நம் அப்பா உன்னைப் படிக்கவைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

சொல்கிறேன், கேட்டுக்கொள். டவுன் பஸ் என்றால் டைமிங். உன் ஸ்டாப்பைத் தாண்டினதும் கிளை ரோட்டிலிருந்து, எனக்கு நாலு நிமிஷம் பின்னால், வேறு கம்பெனி வண்டி வந்து சேர்கிறது. நீ பாப்பாவை ஏற்றி, இறங்கி, சேரை மடக்கி, அதை ஏற்றி வைப்பதற்குள் மூணு நிமிஷம் போய்விடும். கணபதி வரைக்கும் நிற்கிற சனத்தை எல்லாம் பின்னால் வருகிறவன் முன்னால் போய் அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஆகவே காலை நேரத்தில் அந்தச் சேரை வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று அங்கப்பனிடம் நான்தான் சொன்னேன். அவன் பேரில் தப்பில்லை. தொழில் அப்படி. இதில் உனக்கு வருத்தம் என்றால் ஆட்டோ செலவை நான் கொடுத்துவிடுகிறேன். பாப்பாவுக்கு நான் செய்யாமல் யார் செய்வார்கள்?

ஆபீஸ், மனு என்று கிளம்பாதே. மாப்பிள்ளைக்கு அவர் வேலை பார்க்கிற மில்லில் மரியாதை இருக்கிறது, அதைக் கெடுக்காதே.

கதிர்வேல்

———

காங்கேயம்
8.9.96

அன்புள்ள பிரியாவுக்கு உன் நங்கையா தெய்வாத்தாள் எழுதறது. நல்லா இருக்கியா கண்ணு. பாப்பா சாப்புடறாளா. நான் எட்டாவதோட நிறுத்துனவ, எழுத்து கோணலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோ. உங்கண்ணன் சந்தைக்குப் போன நேரமாப் பாத்து எழுதறேன்.

உங்கண்ணன் உனக்கு டைமிங்குன்னு எழுதுனாரல்ல. என்கிட்டப் படிச்சுக் காட்டுனாரு. ரெண்டு வாரமா மனசு கேக்கலே, அதான் எழுதறேன்.

டைமிங்கு இல்ல கண்ணு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டாவது வண்டிக்குப் பேரு எழுத ஆர்ட்டிஸ்ட் வந்தான், அவன் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டான். "ஏனுங்க, இதுக்கும் அந்தப் புள்ள பேரேவா? பேருக்காரி மொதல்ல எந்திரிச்சு நடக்கட்டுமுங்க, அப்பறம் எழுதலாம். நிக்காத பேர எழுதுனா வண்டி நிக்காம ஓடுமா, நின்னே போகுமான்னு யாருக்குத் தெரியும்"னு சிரிச்சான். உங்கண்ணனும் அப்பச் சிரிச்சாரு. மூணாம் நாளு பழைய வண்டிக்குக் கியர் பாக்ஸ் போச்சு. அன்னைக்குப் புடிச்சுது பயம். புது வண்டிக்கு ராவோட ராவா வேலவன்னு எழுதச் சொல்லிப்போட்டாரு. அதுக்கப்பறமும் உனக்குப் பாப்பா பேர்தான்னு எழுதிப்போட்டாரு.

அப்பறம் நீ ஸ்டாப்புல பாப்பாவத் தூக்கி ஏத்தறதப் பாத்து எவனோ "இதுதான் அந்த நித்யஸ்ரீயா"ன்னு கேட்டானாமா. அங்கப்பன் வந்து சொன்னான். "அந்தப் புள்ள நம்ம வண்டியில ஏறி எறங்கறது சனங்க கண்ணுல படக்கூடாது"ன்னு இவரு சொன்னாரு. நான் அடுப்படியில நின்னு கேட்டேன். என்ற காதால கேட்டேன்.

பழைய வண்டிப் பேர எடுக்கவும் பயம். அந்தப் பேருலதான எல்லாம் வந்துச்சு. வெச்சிருக்கவும் பயம். காது குத்தறப்ப இவரு மடியிலதான் உக்காந்திருந்தா. அப்ப அவ மடிய உதைச்ச உதை எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான அந்தக் காய்ச்சல் வந்துச்சு.

இதப் படிச்சதும் கிழிச்சுப் போடு. நான் எழுதுனதா எங்கயும் சொல்லாத.

தெய்வாத்தாள்

———

சரவணம்பட்டி,
7.10.1996

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலமுங்க. அங்கே தாங்களும் நங்கையாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நங்கையாவிடமிருந்து வெகுநாளாக ஒரு வரியும் இல்லை, கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். கொஞ்சம் வேலை இருந்தது.

இன்று திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். நித்யாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கேயும் படிதான். இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். அவள் அவர்களிடம், "எனக்கும் டிக்கெட் எடுக்கணுமா மாமா?" என்று கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மனுவின் நகல் ஒன்று உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். வட்டாரப் போக்குவரத்து அதிகாரிக்கும் ஒன்று போயிருக்கிறது. இணைப்புகள் விவரம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முதலாவது என் நோட்டு, ஐம்பத்து மூன்று நாட்கள். இரண்டாவது லக்கேஜ் டிக்கெட்டுகள். மூன்றாவது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் கடிதம். நான்காவது, 25.8.96 தேதியிட்ட தங்கள் கடிதம்.

அங்கப்பன் தானாகச் செய்தாரா, உரிமையாளர் சொல்லிச் செய்தாரா என்பதுதான் இந்த மாதிரி மனுவில் நிரூபிக்கக் கஷ்டமான இடம் என்று அன்புச்செல்வி சொன்னாள். தங்கள் கடிதம் அதைத் தெளிவாக, ஒரே வரியில், கையெழுத்தோடு சொல்லியிருந்தது. மிக்க நன்றிங்க.

அந்தக் கண்டக்டர் பேரில் தப்பில்லை என்று தாங்கள் எழுதியிருந்ததையும் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

மோகனப்பிரியா

———

காங்கேயம்,
24.10.96

பிரியாவுக்கு,

நோட்டீஸ் வந்தது. வண்டி நிறுத்துகிற செட்டுக்கே இன்ஸ்பெக்டர் வந்து, டிரைவர், கிளீனர் எல்லார் முன்னாலும் நான் உனக்கு எழுதின கடிதத்தை வாசித்துக் காட்டினார். 'அம்மணிக்கு, இங்கு நலம்' என்பதிலிருந்து வாசித்தார். நவம்பர் பதினெட்டு விசாரணை. பர்மிட்டை ஒரு மாதம் நிறுத்திவைக்கலாமாம்.

உனக்குத் திருப்திதானே? தாய்மாமன் மடியில் காது குத்தின புள்ளை பேரைச் சொல்லித் தாய்மாமன் கழுத்தை அறுத்திருக்கிறாய். அண்ணன் எழுதின கடிதத்தைக் கொண்டுபோய்க் கலெக்டர் கச்சேரியில் வைக்கிற தங்கச்சியை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஊரில் தலை காட்ட முடியவில்லை. மயில்சாமி கடையில் டீ குடிக்கப் போனால், "என்ன முதலாளி, அடுத்த வண்டில வரலாமுங்களா?" என்று கேட்கிறான்.

தீபாவளிக்கு இங்கே வர வேண்டாம்.

இருந்தாலும் நான் உன்னைப்போல் இல்லை. யோசித்துப் பார்த்தேன். வண்டியில் பாப்பா பேர் இருப்பதுதான் உன்னை உறுத்துகிறது. பேர் மட்டும் வேண்டும், புள்ளை வேண்டாமா என்று நினைக்கிறாய். நியாயம்தான். ஆர்ட்டிஸ்டுக்குச் சொல்லியாயிற்று. விசாரணைக்கு முன்னால் பேரைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். உனக்காகத்தான் செய்கிறேன். அதோடு மனுவை வாபஸ் வாங்கிக்கொள்.

கதிர்வேல்

———

சரவணம்பட்டி,
2.11.1996

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நலம். தீபாவளி உங்களுக்கு நல்லபடியாக அமையட்டும்.

கடிதம் கிடைத்தது. முதல் தடவை படித்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெயரைச் சுரண்டு என்று கேட்க நானே நினைத்திருந்தேன். என் மகள் பெயரைப் பள்ளி ரிஜிஸ்டரிலிருந்து எடுக்கிற நிலைக்குக் கொண்டுவந்தவரின் வண்டியில் அந்தப் பெயர் எதற்கு என்று வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் என்னை முந்திக்கொண்டீர்கள்.

பிறகுதான் யோசித்தேன். ஆறு வருடம் சுமந்த பெயரை, ராசியான பெயர் என்று வாயால் சொன்ன பெயரை, ஒரு நோட்டீஸுக்காக அண்ணன் இவ்வளவு சுலபமாக விடுவாரா? எனக்காகச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்காக என்றால், வேண்டாம்.

மனுவை வாபஸ் வாங்கத் தயார். பதினெட்டாம் தேதி அதிகாரி முன்னால் மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

எட்டுப் பத்து வண்டி தினமும் எங்கள் ஸ்டாப்பில் நின்று நித்யாவை ஏற்ற வேண்டும், நாற்காலி உள்ளே வந்து நான் ஏறிய பிறகுதான் விசில். நாற்காலிக்கு லக்கேஜ் கிடையாது, நித்யாவுக்கு அரை டிக்கெட் கிழிக்க வேண்டும். அந்த டிக்கெட் எனக்கு வேண்டும். முன் இடது சீட்டு, எண்ணெய் டின் உட்கார்ந்த அதே சீட்டு, அவளுக்கு.

மூன்றாவதுதான் முக்கியம். முன் கண்ணாடியில் இருக்கிற பெயர் அப்படியே இருக்க வேண்டும். அதே அளவு, அதே சிவப்பு. மங்கினால் புதிதாக எழுத வேண்டும். அந்த பர்மிட் உங்கள் கையில் இருக்கிற வரைக்கும் வேறு பெயர் எழுதக் கூடாது. இது சட்டத்தில் இல்லை, தெரியும். அன்புச்செல்வியும், "இதெல்லாம் ஒரு நிபந்தனையா, பைத்தியமாடி ஒனக்கு?" என்றாள். பரவாயில்லை. இது இல்லாவிட்டால் வாபஸ் இல்லை, ஒரு மாதம் வண்டி செட்டில் நிற்கட்டும்.

நிற்கிற வண்டி என்றால் உங்களுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

எண்ணெய் டின்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூடி திறக்கவில்லை. லக்கேஜ் டிக்கெட் எடுத்துத்தான் ஏற்றினேன்.

மோகனப்பிரியா

———

20.11.96

கையெழுத்துப் போட்டதை நீயே பார்த்தாய். மூன்றும். இனி எனக்கு எழுத வேண்டாம்.

கதிர்வேல்

———

சரவணம்பட்டி,
9.2.1997

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். ஒப்புக்கொண்டதற்கு ரசீது கொடுப்பது முறை, அதனால் இந்த ஒரு கடிதம். எல்லோரும் நலம். பொங்கல் சீர் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. உங்கள் மாப்பிள்ளை மட்டும் அன்று காலையில் இரண்டு தடவை வாசலுக்குப் போய்வந்தார்.

வண்டி தினமும் நிற்கிறது. ஜபருல்லா அண்ணன் இப்போதெல்லாம் ஸ்டாப்புக்குப் பக்கத்துச் சிறுபாலத்தின் சரிவான சிமெண்ட் திண்டோடு ஒட்டி நிறுத்துகிறார். அந்த உயரத்தில் நிறுத்தினால் ஒரே படிதான், தூக்கவே வேண்டாம், நாற்காலியின் முன் சக்கரத்தைத் தட்டி ஏற்றிவிடலாம். ஒன்றரை நிமிடம் ஆகிறது. நோட்டில் குறித்திருக்கிறேன். மூன்று நிமிடம் என்று நீங்கள் எழுதியது தப்பு. பின்னால் வரும் வண்டி இதுவரை முந்தவில்லை.

அங்கப்பன் இப்போதும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அரை டிக்கெட்டை நித்யாவின் கையில்தான் கொடுக்கிறார். போன வாரம் அவள், "மீதி சில்லறை?" என்று கேட்டாள். "தர்றனுங்க அம்மணி" என்று சொல்லிக் கொடுத்தார். ஆறு வயதுப் பெண்ணுக்கு.

நம் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு இப்போது அவளைத் தெரியும். வண்டி தூரத்தில் வரும்போதே, "நித்யஸ்ரீ, உன்ற வண்டி வருது" என்கிறார்கள். சத்தமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கேட்கப் பிடித்திருக்கிறது. மனசு ஆறிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் ராத்திரி எழுந்து அவள் மூச்சைப் பார்ப்பது நின்றுவிட்டது.

பள்ளி ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறது. இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒருநாள், "அம்மா, என் பேர ஏன் திருப்பி எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து பார்த்தால் எழுத்து எல்லாம் இடவலம் மாறித் தெரியும், இல்லையா. "அது நமக்கு எழுதினதில்ல கண்ணு. வெளிய நிக்கறவங்க படிக்கறதுக்கு" என்றேன்.

போன வியாழக்கிழமை கணபதி ஸ்டாப்பில் உங்களைப் பார்த்தோம். கையில் பையோடு நின்றுகொண்டிருந்தீர்கள். வண்டி வந்து நின்றதும் நீங்கள் முன் கண்ணாடியைப் பார்த்தீர்கள். முதலில் பெயரை, அப்புறம் அதற்குப் பின்னால் இருந்த முகத்தை. அவள் கை ஆட்டினாள். அதற்குள் நான் இறங்கி நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. ஆனால் எல்லாம் கேட்டது.

அங்கப்பன்தான் படியிலிருந்து கூப்பிட்டார். "ஏறுங்க முதலாளி, முன்னால எடம் இருக்குதுங்க."

நீங்கள், "வேண்டாம் போ, நான் அடுத்த வண்டில வாரேன்" என்றீர்கள்.

பள்ளிக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது நித்யா கேட்டாள். "மாமனுக்கு எடம் பத்தலையாம்மா?"

தேதியும் மணியும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். எட்டு இருபத்தெட்டு. உள்ளே பதினோரு சீட்டு காலி.

உங்கள் தங்கை,
மோகனப்பிரியா